நான் மனேஜர் ஆன கதையின் மீதி

ரூபன்,

உன் பெரிய பையில் மடித்து வைத்திருக்கிற குளிர்ச்சட்டைக்குள் இந்தக் கடிதத்தை வைக்கப் போகிறேன். வடக்கே பெர்காமோவில் குளிர் தொடங்கும் நாளில் சட்டையை உதறும்போது இது உன் கையில் படும். அதற்குள் உனக்கு அங்கே ஓர் அறையும், வேலைக்குப் போய்வரும் பாதையும், கூட இருந்து சாப்பிட இரண்டு மூன்று பேரும் பழகியிருக்கும். கால் ஓர் இடத்தில் ஊன்றிய பிறகு இதை வாசிப்பதுதான் உனக்கு நல்லது என்று பட்டது. நேரே சொல்ல இரண்டு வருடம் முயன்றேன். ஒவ்வொரு தடவையும் வாயைத் திறந்துவிட்டு வேறு எதையோ கேட்டேன். சாப்பிட்டியா, மழைக்கோட்டு எடுத்தியா, கதவைப் பூட்டினியா.

ஞாயிற்றுக்கிழமை உன்னை வழியனுப்ப வந்தவர்களுக்கு நீ என் கதையைச் சொன்னாய். போர்கோ வெக்கியோவில் நம்முடைய இந்த இரண்டு அறையும் கொள்ளாத சனம். சுவரில் இருந்த படத்தைக் கழற்றி ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தாய். சிசிலிக்காரப் பெடியன்கள் என்னைத் தோளில் தூக்கி வைத்திருக்கிற படம். "வீட்டு வேலைக்கு வந்த மனிசன் இத்தாலிக்காரருக்கு மனேஜரா இருந்தவர். எங்கடை ஆக்களிலை வேறை ஆர் இருந்தவை?" என்று கேட்டாய். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மா இஞ்சை வந்து உங்களை மைதானத்திலை ஒருக்காப் பாத்திருக்க வேணும்" என்றாய். நான் கோப்பை எடுக்கிற சாட்டில் குசினிக்குள் போனேன். நீ பின்னாலேயே வந்து என் தோளைப் பிடித்தாய். பெருமையில் அழுகிறேன் என்று நினைத்தாய்.

நீ சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. நான் உனக்குச் சொல்லித்தந்த அளவை நீ சொன்னாய். மீதியை நான்தான் சொல்லவில்லை.

உனக்கு ஐந்து வயதில் நான் ஊரைவிட்டு வெளிக்கிட்டேன். பலெர்மோ வந்து சேர்ந்தபோது எனக்கு முப்பத்துமூன்று. பள்ளிக்கூடத்து கிரிக்கெட் அணியில் கவர் பக்கம் நின்று பந்து தடுத்தவன் என்பதைத் தவிர என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை, அதையும் இங்கே கேட்க ஆள் இல்லை. லிபெர்த்தா தெருவில் ஒரு வீட்டில் வேலை கிடைத்தது. அங்கே ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஒருவர், இடுப்புக்குக் கீழே அசைவில்லாதவர். அவரைத் தூக்கி, கழுவி, உடுப்பு மாற்றி, பின்னேரத்தில் சக்கர நாற்காலியில் வைத்துப் பூங்காவுக்குத் தள்ளிக்கொண்டு போவதுதான் என் வேலை. அவருடைய மனைவியைத்தான் நான் எப்போதும் சிஞ்ஞோரா என்று சொல்வது. கண்டிப்பான மனுசி. ஐந்து நிமிடம் பிந்தினால் முகம் இறுகிவிடும். ஆனால் சொன்ன சொல் மாறமாட்டார். வதிவிட அனுமதிக்கு, அந்தப் பெர்மெஸ்ஸோவுக்கு, ஒரு முதலாளியின் கையெழுத்துத் தேடி நம் ஆட்கள் எல்லாம் அலைந்த நாட்களில் அவர் தானாகவே என்னோடு குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோருக்கு வந்து, குடையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்.

பூங்காவை ஒட்டிய மைதானத்தில் ஒரு பேஸ்போல் அணி பயிற்சி எடுத்தது. ஒருநாள் அடி தவறிய பந்து ஒன்று வேலிக்கு மேலால் வழக்கறிஞரின் முகத்துக்கு நேரே வந்தது. நான் வெறுங்கையால் பிடித்து, பிடித்த கையோடு, முதலாம் பேஸில் நின்றவனின் கையுறைக்குள் எறிந்தேன். வழக்கறிஞர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அணியின் மனேஜர் வேலியடிக்கு வந்து என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். அவர்தான் நீனோ. போர்கோ வெக்கியோ சந்தையில் மீன் விற்கிறவர், கைகளில் எப்போதும் மீன் மணம். வியாழன் பின்னேரமும் ஞாயிறும் எனக்கு லீவு என்று தெரிந்ததும், அடுத்த வியாழன் வா என்றார்.

என்னை இரண்டாம் பேஸில் நிறுத்தினார். அது மைதானத்தின் உள்வட்டம். தரையோடு சீறி வருகிற பந்தைக் குனிந்து எடுத்து, பேஸ் என்று தரையில் வைத்திருக்கிற மூட்டையை மிதித்து, உன் காலை வாருவதற்காகவே சறுக்கி வருகிறவனுக்கு மேலால் துள்ளி, முதலாம் பேஸுக்கு எறிய வேண்டும். எல்லாம் ஒரு மூச்சுக்குள். பிடிக்கிறது எனக்குப் பழகியிருந்தது. அடிக்கிறதுதான் சிரிப்பாய்ப் போனது. முதல் ஆட்டத்தில் பந்தை அடித்துவிட்டு மட்டையையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். கிரிக்கெட்டில் அப்படித்தானே ஓடுவோம். மைதானமே சிரித்தது. நீனோ என் பின்னால் ஓடி வந்து, மட்டையைக் கீழே போடு, அதை யாரும் களவெடுக்க மாட்டார்கள் என்று கத்தினார். இதை நீ ஞாயிறு நன்றாக நடித்துக் காட்டினாய்.

மூன்றாவது வருடம் அணியின் தலைவர், மாபிள் கல் வியாபாரி, எனக்கு மாதச் சம்பளம் தரத் தொடங்கினார். நீனோவைத் தவிர அந்த அணியில் சம்பளம் வாங்கிய ஒரே ஆள் நான். த்ராப்பானியில், கத்தானியாவில், அறியாத ஊர்களில் எல்லாம் என்னைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொன்னார்கள். ஆட்டம் முடியும்போது அவர்களே வந்து கை கொடுத்தார்கள். கிழமையில் ஐந்தரை நாள் நான் இன்னொருவரின் மூத்திரச் சட்டியைத் தூக்குகிறவன். மிச்ச நேரம் ஆட்கள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அதில் ஒரு ருசி இருந்தது, தம்பி. அந்த ருசியைப் பற்றி நான் உனக்குச் சொல்லவேயில்லை.

உனக்குப் பதின்மூன்று வயதாய் இருந்த அந்த வருடத் தொடக்கத்தில், உன்னையும் அம்மாவையும் கூப்பிடுகிற பத்திரங்கள் கிட்டத்தட்ட முடிந்துவிட்டன. சிஞ்ஞோரா வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். வீட்டின் பின்பக்க அறையை உங்களுக்கு என்று எழுதித் தந்தார். குவெஸ்தூரா முடிவு சொல்லும்வரைக்கும் நான் அந்த வேலையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஐந்து மாதம், கூடினால் ஆறு மாதம்.

அந்த மாசி மாதம் நீனோவின் இரண்டு முழங்காலும் விட்டுவிட்டன. தலைவர் என்னைத் தன் கடைக்குக் கூப்பிட்டு, மனேஜராக இரு என்றார். அணி மேல் பிரிவுக்குப் போக வேண்டும், சனி ஞாயிறு முழுக்கப் பயணம், வாரநாளில் பள்ளிக்கூடங்களில் பயிற்சி. முழுநேர வேலை. மார்ச்சில் ஆட்டங்கள் தொடங்கும். பத்திரத்தைப் பற்றிக் கேட்டேன். தன் நிறுவனத்தின் பெயரில் ஒப்பந்தம் தருவேன், திங்கட்கிழமை வா என்றார்.

சிஞ்ஞோராவிடம் போய்ச் சொன்னேன். அவர் குசினியில் அவரைக்காய் உரித்துக்கொண்டு நின்றார். கை ஓயவில்லை. "உன்ரை மனுசியும் மகனும் வந்து இறங்கட்டும். பிறகு நீ எங்கை வேணுமெண்டாலும் போ. நான் கேக்கிறது ஆறு மாசம்" என்றார். வாரநாளிலும் சனியிலும் ஆள் இல்லாமல் வழக்கறிஞரைப் பார்க்க முடியாது, நீ போனால் வேறு ஆள் எடுக்கத்தான் வேண்டும், எடுத்தால் உன் ஒப்பந்தம் முடிந்துவிடும் என்றும் விளங்கச் சொன்னார். யாரும் என்னை ஏமாற்றவில்லை. எனக்கு எல்லாம் விளங்கியது. ஆறு மாதம் கழித்து மனேஜர் இடத்தில் வேறொருவன் நிற்பான் என்பதும் விளங்கியது. ஒரு கிழமை யோசித்தேன் என்று எழுத ஆசை. யோசிக்கவில்லை. அடுத்த நாள் காலை என் உடுப்புப் பையை எடுத்துக்கொண்டு அந்த வீட்டைவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை தலைவர் ஊரில் இல்லை. அடுத்த திங்கள் கணக்காளர் வரவில்லை. அதற்கடுத்த திங்கள் ஆட்டங்கள் தொடங்கிவிட்டன. பெர்காமோவில் உனக்கு யாராவது அப்படி ஒரு திங்கட்கிழமையைச் சொன்னால், ஒப்பந்தத்தைக் கையில் வாங்கும்வரை பழைய வேலையை விடாதே. இது மட்டும்தான் இந்தக் கடிதத்தில் உனக்கு உதவக்கூடிய புத்திமதி.

குவெஸ்தூரா என் விண்ணப்பத்தைத் திருப்பியது. அம்மாவுக்கு நான் எழுதினேன்: கந்தோரில் பிந்துகிறது, இங்கே எல்லோருக்கும் அப்படித்தான். அந்த ஒரு வரியை வேறுவேறு மாதிரி இரண்டரை வருடம் எழுதினேன். யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் போய்ச்சேர ஒரு மாதம், இரண்டு மாதம். அவ்வளவு தூரம் போகிற பொய் அங்கே போகும்போது உண்மை மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன்.

நான் நல்ல மனேஜர். இதைச் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அது உண்மை. எந்தப் பெடியனுக்குப் பயம் காலில் வரும், எவனுக்குக் கையில் வரும் என்று எனக்குத் தெரியும். எதிர் அணிக்கு விளங்காமல் இருக்க உள்வட்டத்துக்குத் தமிழில் எண் சொல்லிக் கொடுத்தேன். ஒண்டு என்றால் முன்னுக்கு வா, ரெண்டு என்றால் பேஸை மூடு, மூண்டு என்றால் பின்வாங்கு. அவர்கள் அதைத் தங்கள் வாயில் போட்டு உருட்டிச் சொல்வதைக் கேட்டு நீனோ வயிறு பிடித்துச் சிரிப்பார். மூன்றாம் வருடம் மேல் பிரிவுக்குப் போனோம். அன்றைக்குத்தான் அந்தப் படம் எடுத்தது. தோளில் இருந்தபோது எனக்கு உன் நினைவோ அம்மாவின் நினைவோ வரவில்லை. அவர்கள் என்னைக் கீழே போட்டுவிடக் கூடாது என்று மட்டும் நினைத்தேன்.

படம் எடுத்து இரண்டு மாதம் ஆகவில்லை, ஆமி நெருங்கி வர யாழ்ப்பாணம் முழுவதும் நடந்து வெளியேறியது. நீயும் அம்மாவும் மழைக்குள் அந்தச் சனத்தோடு நடந்ததை நான் வானொலியில் கேட்டேன். உங்கள் இரண்டு பேரின் பெயரும் அதில் வரவில்லை. சனம் என்று மட்டும் சொன்னார்கள். அன்றே தலைவரிடம் ஓடினேன். அவர் உண்மையிலேயே கவலைப்பட்டார். ஒரு கதிரை இழுத்துப் போட்டார். பிறகு, நிறுவனத்தின் பெயரில் ஒரு வெளிநாட்டுக்காரனுக்கு ஒப்பந்தம் போட முடியாதென்று கணக்காளர் முதல் வருடமே சொல்லிவிட்டார் என்றார். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். நீ போய்விடுவாய் என்று பயந்தேன் என்றார்.

சிஞ்ஞோராவின் கதவைத் தட்டினேன். வழக்கறிஞர் இறந்து ஒரு வருடமாகியிருந்தது. சிஞ்ஞோராவுக்கு ஆள் தேவையே இல்லை. நான் வாசலில் நின்றே சொன்னேன். அவர் ஒரு வார்த்தையும் குத்திக் கேட்கவில்லை. வீடு துடைக்கிற ஒப்பந்தம் ஒன்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறுபடி விண்ணப்பம், மறுபடி வரிசை.

நீங்கள் அப்போது வன்னியில், ஒரு கொட்டிலில். மலேரியா அம்மாவின் மூளைக்கு ஏறியதையும், நீ அவளைச் சைக்கிளில் இருத்திக் கட்டி, தள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனதையும், மருந்து இல்லை என்று சொல்லப்பட்டதையும் நீ ஒரே ஒரு தரம் சொன்னாய். நான் இரண்டாம் தரம் கேட்கவில்லை. எனக்குச் செய்தி வர ஏழு கிழமை எடுத்தது. கொழும்புக்கு வந்த ஒருவர் கடிதத்தைக் கொண்டுவந்து தபாலில் போட்டிருந்தார். அவள் செத்த நாளைப் பார்த்தேன். ஒரு ஞாயிறு. அன்று மெசீனாவில் இரண்டு ஆட்டம், இரண்டிலும் தோற்றோம். இரண்டாம் பேஸில் ஓடியவன் அவுட்டா இல்லையா என்று நடுவரோடு நான் நெடுநேரம் சண்டை பிடித்தேன். நீ சைக்கிள் தள்ளிய நேரமும் அந்த நேரமும் ஏறக்குறைய ஒன்று.

குவெஸ்தூராவின் சம்மதம் அதற்கடுத்த மாதம் வந்தது. அதில் இரண்டு பெயர் இருந்தது. நீ வருவதற்கு முன் அதை நான் ஒளித்து வைத்தேன். இப்போது இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

செய்தி வந்த காலை நான் போன இடம் நீனோவின் மீன்கடை. அவருக்கு என் பத்திரக் கதை எதுவும் தெரியாது. நான் வீட்டு வேலையை விட்டதை, தலைவர் தருவதாகச் சொன்னதை, எல்லாவற்றையும் அங்கே நின்றுதான் முதல் தடவையாக ஒரு மனிதனுக்குச் சொன்னேன். அவர் வாள்மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்தார்.

"என்னட்டைச் சொல்லியிருக்கலாமே," என்றார். "அந்த ஆறு மாசம் நான் நிண்டிருப்பன். முழங்கால்தானே."

உன் அம்மாவின் சாவுக்கு நான் அழுதது அப்போதுதான். கேட்டிருந்தால் போதும். ஆறு மாதம் எனக்காக இடத்தைப் பிடித்து வைத்திருங்கள் என்று ஒரு வார்த்தை. அந்த வார்த்தை எனக்கு வரவேயில்லை, ஏனென்றால் இடத்தைக் கேட்டுப் பெற விரும்பவில்லை, எடுக்க விரும்பினேன்.

அதற்குப் பிறகாவது விட்டேனா? அடுத்த ஞாயிறே மைதானத்துக்குப் போனேன். துக்கத்தை மறைத்துக்கொண்டு வந்திருக்கிறான் என்று பெடியன்கள் கறுப்புப் பட்டி கட்டி ஆடினார்கள். எனக்கு மறைக்க ஒன்றும் இருக்கவில்லை. போக வேறு இடம் இல்லை. அந்த வருடம் கீழ்ப் பிரிவுக்கு விழுந்தோம். தலைவர் கையை விரித்தார். அணி கலைந்தது. நீனோ கடையை விற்றுவிட்டு மகளோடு போய்விட்டார். நான் இப்போது சிஞ்ஞோராவின் தெருவில் நாலு கட்டடத்தின் படிகளைக் கழுவுகிறேன். நீ பதினேழு வயதில் விமான நிலையத்தில் வந்து இறங்கி, முகம் அடையாளம் தெரியாமல் என்னைத் தாண்டிப் போனாய். நானும் உன்னைத் தாண்ட விட்டேன். பிறகுதான் கூப்பிட்டேன்.

நீ ஒன்று கேட்பாய். அந்த மாசி மாதம் திரும்ப வந்தால் என்ன செய்வீர்கள் என்று. சிஞ்ஞோராவின் வீட்டிலேயே இருப்பேன் என்று எழுதத்தான் வேண்டும். மூன்று தாளில் அப்படி எழுதிக் கிழித்தேன். எனக்குத் தெரியாது, ரூபன். நான் ஓர் ஆளாக இருந்தது அந்த மைதானத்தில்தான். அதை இப்போது நினைத்தாலும் நெஞ்சில் ஓர் இடம் சூடாகிறது, அதற்காக என்னை நானே வெறுக்கிறேன், மறுநாளும் நினைக்கிறேன். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீ தந்துவிடுவாய். உன் சுபாவம் அப்படி. அம்மாவின் ஆண்டுத் திவசத்தை இனி அங்கேயே நீ செய். எனக்கு அறிவிக்கத் தேவையில்லை.

இரண்டு வருடமாய் என் வாயைக் கட்டியது எதுவென்று சொல்லி முடிக்கிறேன். நீ வந்த முதல் கிழமை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, சாதாரணமாய் ஒன்று சொன்னாய். "அம்மாவுக்குத் தெரியும் அப்பா, நீங்கள் அந்த வீட்டு வேலையை விட்டிட்டு விளையாட்டுக்குப் போனது. பலெர்மோவிலை இருந்து ஆரோ தமக்கைக்கு எழுதி, அவ வந்து அம்மாவிட்டைச் சொன்னவ. சனம் கேட்டா அம்மா, அவருக்கு அங்கை கனக்க வேலை எண்டு சொல்லுவா." எப்போது என்று கேட்டேன். "நான் எட்டாம் வகுப்பிலை படிக்கேக்கை" என்றாய். நான் வேலையை விட்ட வருடம் அது. அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவள் எனக்கு எழுதிய எந்தக் கடிதத்திலும் அது பற்றி ஒரு சொல் இல்லை. கோபம் இல்லை, கேள்வி இல்லை. யாழ்ப்பாணத்தில் இருந்து கடைசியாக வந்த கடிதத்தில் மட்டும், கீழே, இடம் போதாமல் ஓரத்தில் எழுதியிருந்தாள்: "கந்தோரிலை பிந்துது எண்டு எழுதிறியள். நீங்கள் ஒருக்கா நேரிலை போய்க் கேட்டுப் பாருங்கோவன்."

"போய்க் கேட்டேன், இன்னும் வரவில்லை" என்று பதில் எழுதினேன்.

அப்பா